டயர் சைஸ் மாற்றினால் ஸ்பீடோமீட்டரை எப்படிச் சரிசெய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்டிக்குப் பெரிய டயர் போட்டவர்கள் எல்லோரும் கொஞ்ச நாளில் கேட்பது ஒன்றுதான்: மீட்டர் காட்டுவதை நம்பலாமா? அதைச் சுற்றி வருகிற மற்ற கேள்விகளையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். பிக்கப், ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளை மனதில் வைத்துத்தான் பெரும்பாலும் பேசுகிறேன். கனரக லாரிக்கு விதியே வேறு, அது தனியாகக் கீழே இருக்கிறது.

டயர் மாற்றினால் மீட்டர் ஏன் தப்பாகக் காட்டுகிறது?

மீட்டருக்குச் சாலை தெரியாது, சுற்று மட்டும்தான் தெரியும். கியர்பாக்ஸின் பின்பக்கத் தண்டோ சக்கரத்தின் ஹப்போ எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணி, ஒரு சுற்றுக்கு வண்டி இவ்வளவு தூரம் நகரும் என்று கம்பெனியில் பதித்து வைத்த எண்ணால் பெருக்கி உங்களுக்குக் காட்டுகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. டயர் பெரிதானால் ஒரு சுற்றுக்கு வண்டி கூடுதலாக நகரும், ஆனால் உள்ளே இருப்பது பழைய எண். அதனால் பெரிய டயரில் மீட்டர் குறைவாகக் காட்டும், சின்ன டயரில் அதிகமாகக் காட்டும். இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். வம்பு பெரிய டயர் பக்கம்தான், ஏனென்றால் முள் வேக வரம்புக்குள் நிற்கும்போதே நீங்கள் வரம்பைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பீர்கள்.

என் வண்டியில் எவ்வளவு வித்தியாசம் வரும்? கணக்கு எப்படிப் போடுவது?

டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதே போதும். 265/70 ஆர் 17 என்று இருந்தால், 265 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம், 70 என்பது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம் என்று அர்த்தம், 17 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். பக்கச் சுவர் 265 × 0.70 = 185.5 மி.மீ. மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு சுவர், ஆக 371. ரிம் 17 × 25.4 = 431.8. கூட்டினால் டயரின் முழு விட்டம் 802.8 மி.மீ.

அதே ரிம்மில் 285/70 போட்டால் விட்டம் 830.8 மி.மீ. புதியதைப் பழையதால் வகுத்தால் 1.035, அதாவது மூன்றரை சதவீதம். முள் 100-ல் நின்றால் நிஜம் 103.5, 80-ல் நின்றால் 82.8. பிழை சதவீதமாக வருவதால் ஊருக்குள் மெதுவாகப் போகும்போது தெரியவே தெரியாது, நெடுஞ்சாலையில்தான் உறைக்கும். இதே வண்டிக்கு ஆசைப்பட்டு 35 அங்குல டயர் ஏற்றினால் (889 மி.மீ.) விகிதம் 1.107 ஆகிவிடும். முள் 100 என்று சொல்லும்போது 110-ஐத் தாண்டியிருப்பீர்கள், இதைச் சரிசெய்யாமல் ஓட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

ரிம்மையும் பெரிதாக்கிவிட்டேன், அதற்கும் சரிசெய்ய வேண்டுமா?

டயரின் வெளி விட்டம் மாறினால் மட்டும். 265/70 ஆர் 17-லிருந்து 265/65 ஆர் 18-க்குப் போனால் விட்டம் 801.7 மி.மீ. ஒரு மில்லிமீட்டர்தான் குறைகிறது, எதையும் தொட வேண்டாம். ஆனால் அதே 18 ரிம்மில் 265/60 போட்டால் 775.2, அது கிட்டத்தட்ட மூன்றரை சதவீதம் சின்னது.

கணக்கில் வருகிற விட்டத்தை அப்படியே நம்பலாமா?

எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்க நம்பலாம். வண்டியின் கம்ப்யூட்டரில் நேராக ஒரு எண்ணைப் பதிக்கப் போகிறீர்கள் என்றால் நம்பாதீர்கள். ஒரே சைஸ் எழுதியிருக்கும் இரண்டு கம்பெனி டயர்களை அருகருகே நிறுத்திப் பாருங்கள், பட்டன் (தரையில் படும் ரப்பர்க் கட்டைகள்) உயரத்திலேயே வித்தியாசம் இருக்கும். அது போக, வண்டியின் எடை ஏறியதும் டயர் கீழே கொஞ்சம் அமுங்கும், அதனால் ஒரு சுற்றில் வண்டி நகரும் தூரம் விட்டத்தை வைத்துக் கணக்கிட்ட சுற்றளவைவிட இரண்டு மூன்று சதவீதம் குறைவாக இருக்கும்.

நேரில் அளப்பது கஷ்டமே இல்லை. காற்று சரியான அளவில் இருக்கட்டும், சமதளமான நீண்ட இடமாகப் பாருங்கள். டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரு கோடு. வண்டியை நேராக, மெதுவாக உருட்டி டயரின் கோடு ஐந்து முறை தரைக்கு வரும்வரை கொண்டுபோங்கள், அங்கே இன்னொரு கோடு. நடுவில் உள்ள தூரத்தை டேப்பில் அளந்து ஐந்தால் வகுத்தால் வருவதுதான் உங்கள் டயரின் உருளும் சுற்றளவு. ஒரே ஒரு சுற்று அளந்தால் கோடு அரை அங்குலம் தப்பினாலும் அது முழுசாகக் கணக்கில் ஏறிவிடும், ஐந்து சுற்று என்றால் அந்தத் தப்பும் ஐந்தாக உடைந்துவிடுகிறது. வண்டிக்குள் வழக்கமாக ஏற்றும் சுமை இருந்தால் இன்னும் நல்லது.

ஜிபிஎஸ்ஸில் பார்த்தேன், டயர் மாற்றிய பிறகு மீட்டர் அச்சு அசலாக ஒத்துப்போகிறது. அப்படியென்றால் விட்டுவிடலாமா?

இந்தப் பக்கத்திலேயே கவனமாகப் படிக்க வேண்டிய பதில் இது, ஏனென்றால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

கம்பெனியிலிருந்து வரும் ஸ்பீடோமீட்டர் வேண்டுமென்றே கொஞ்சம் அதிகமாகக் காட்டும்படிதான் செய்யப்படுகிறது. பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. வாகன ஒழுங்குமுறை எண் 39 சொல்வது இதுதான்: மீட்டர் காட்டும் வேகம் நிஜ வேகத்தைவிட ஒருபோதும் குறைவாக இருக்கக் கூடாது, அதிகமாக இருக்கலாம், ஆனால் நிஜ வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் 4 கி.மீ.யும்தான் எல்லை. நிஜமாக 100-ல் போகும்போது மீட்டர் 100 முதல் 114 வரை எதைக் காட்டினாலும் சட்டப்படி சரி. குறைவாகக் காட்டித் தொலைத்துவிடக் கூடாதே என்று கம்பெனிகள் சில சதவீதம் தள்ளியே வைக்கின்றன. ஆனால் தூரத்தை எண்ணும் ஓடோமீட்டருக்கு இந்தத் தள்ளிவைப்பு வழக்கமாகக் கிடையாது, அது நிஜத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும்.

சரி, உங்கள் வண்டி பழைய டயரில் நிஜம் 100 என்றால் 104 காட்டிக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்வோம். மூன்றரை சதவீதம் பெரிய டயர் போட்டதும் அதே நிஜ 100-க்கு முள் 100.5-ல் வந்து நிற்கும். ஜிபிஎஸ்ஸும் முள்ளும் ஒன்று, பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் ஓடோமீட்டர் இப்போது மூன்றரை சதவீதம் குறைவாக எண்ணிக்கொண்டிருக்கிறது. 10,000 கி.மீ. காட்டும்போது வண்டி ஓடியிருப்பது 10,350.

வேகம் மட்டும் சரியாகத் தெரிந்தால் போதும் என்றால் அப்படியே விடுங்கள், ஒன்றும் குடி முழுகிவிடாது. ஆயில் மாற்றும் கணக்கும் மைலேஜ் கணக்கும் சரியாக இருக்க வேண்டும் என்றால் வண்டியில் பதிந்திருக்கும் டயர் சுற்றளவு எண்ணைத் திருத்துங்கள்.

அப்படியானால் முள்ளை ஜிபிஎஸ்ஸுக்குச் சமமாகக் கொண்டுவர டயர் எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாமா?

நான் செய்ய மாட்டேன். பெரும்பாலான வண்டிகளில் முள்ளுக்கும் ஓடோமீட்டருக்கும் ஒரே டயர் எண்தான் போகிறது. முள்ளுக்குக் கம்பெனி கூட்டி வைத்திருக்கும் அந்த நான்கு சதவீதத்தை டயர் எண்ணைக் குறைத்து அடித்தால், ஓடோமீட்டர் நான்கு சதவீதம் குறைவாக ஓடும். உருட்டி அளந்த சுற்றளவைப் பதியுங்கள், அதன் பிறகும் முள் ஜிபிஎஸ்ஸைவிட இரண்டு மூன்று கி.மீ. கூடுதலாகக் காட்டினால் அது வண்டி பிறந்தபோதே இருந்த குணம், விட்டுவிடுங்கள்.

சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

வேகத்துக்கு ஜிபிஎஸ் நல்ல கருவிதான், நேரான சாலையில் ஒரே வேகத்தில் சற்று நேரம் போனால். வேகம் கூட்டும்போதும் குறைக்கும்போதும் அது ஒரு நொடி பின்தங்கி வரும், சுரங்கப் பாதையில் கேட்கவே வேண்டாம். போன் கூட வேண்டாம், கிலோமீட்டர் கல் இருக்கும் சாலையும் ஒரு ஸ்டாப்வாட்சும் போதும்: 3600-ஐ ஒரு கிலோமீட்டர் கடக்க ஆன நொடிகளால் வகுத்தால் வேகம். 36 நொடி என்றால் 100, 45 நொடி என்றால் 80, 60 நொடி என்றால் 60. நொடி பார்க்கும் வேலையைப் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கொடுங்கள்.

ஓடோமீட்டரைச் சோதிக்க முப்பது நாற்பது கிலோமீட்டராவது ஓட்டி, டிரிப் மீட்டரையும் ஜிபிஎஸ் தூரத்தையும் ஒப்பிடுங்கள். இந்த இரண்டு சோதனையையும் பழைய டயரைக் கழற்றுவதற்கு முன்பே ஒருமுறை செய்து எழுதி வைத்திருந்தால் வேலை பாதியாகிவிடும்.

பழைய வண்டி, கேபிள் மீட்டர். அதில் என்ன செய்வது?

கேபிள் மீட்டரில் கியர்பாக்ஸின் வெளித் தண்டில் ஒரு சின்ன ஓட்டும் கியர் இருக்கும், அதோடு சேர்ந்து சுற்றும் இன்னொரு கியர், பெரும்பாலும் பிளாஸ்டிக், கேபிளின் முனையில் இருக்கும். கேபிள் மறுமுனையில் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது, காந்தம் முள்ளோடு ஒட்டிய அலுமினியக் கிண்ணத்தை இழுக்கிறது. ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ட்சே 1902-ல் காப்புரிமை பெற்ற அதே தத்துவம்தான்.

இதில் திருத்தம் என்றால் கேபிள் பக்கத்துக் கியரை மாற்றுவது. டயர் பெரிதானால் கேபிள் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், அதற்குப் பல் குறைந்த கியர் வேண்டும். 18 பல்லை எடுத்துவிட்டு 17 பல் போட்டால் கிட்டத்தட்ட ஆறு சதவீதம் கூடும். கவனித்தீர்களா, ஒரு பல்லுக்கே ஆறு சதவீதம். மூன்றரை சதவீதம் பெரிய டயருக்கு 17 பல் போட்டால் மீட்டர் இரண்டே கால் சதவீதம் அதிகமாகக் காட்டும், போடாவிட்டால் மூன்றரை குறைவாகக் காட்டும். இப்படி நடுவில் மாட்டிக்கொண்டால் அதிகமாகக் காட்டும் பக்கத்தையே எடுங்கள். சில வண்டிகளில் பல் எண்ணிக்கை மாறினால் கியரைப் பிடித்திருக்கும் ஹவுசிங்கையும் திருப்பி வைக்க வேண்டும், இல்லையென்றால் பல் பாதி மாட்டி ஓடித் தேய்ந்துவிடும். இன்னும் நுணுக்கமாக வேண்டும் என்பவர்களுக்குக் கேபிளின் நடுவே மாட்டும் விகிதப் பெட்டிகள் இருக்கின்றன.

கேபிள் இல்லை, ஆனால் கம்ப்யூட்டரில் மாற்றவும் வழியில்லை என்கிறார்கள்.

இது நடுக்கால வண்டிகளின் பாடு. கியர்பாக்ஸிலோ டிரான்ஸ்ஃபர் கேஸிலோ (ஃபோர் வீல் டிரைவில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இருக்கும் சென்சார் மின்துடிப்பு அனுப்பும், மீட்டர் அதை எண்ணும். ஜப்பானிய வண்டிகளில் ஒரு கிலோமீட்டருக்குத் தண்டு 637 சுற்று, சுற்றுக்கு நான்கு துடிப்பு, ஆக 2548 என்பது ரொம்பப் பழக்கமான எண். இவற்றுக்கு அந்தச் சென்சார் ஒயரை வெட்டி நடுவில் ஒரு சின்னத் திருத்தப் பெட்டியை இணைப்பார்கள், உள்ளே வரும் துடிப்பை நீங்கள் சொல்லும் விகிதத்தில் கூட்டியோ குறைத்தோ வெளியே அனுப்பும்.

எதை எந்தப் பக்கம் மாற்றுவது என்பதில் குழப்பம் வரும். பெட்டி துடிப்பைப் பெருக்கும் வகை என்றால் 1.035 என்று கொடுக்க வேண்டும். கிலோமீட்டருக்கு எத்தனை துடிப்பு என்று கேட்கும் வகை என்றால் வகுக்க வேண்டும், 2548 என்பது 2462 ஆகும். சுற்றளவு கேட்டால் மறுபடி பெருக்கல். மாற்றிக் கொடுத்துவிட்டால் பிழை இரட்டிப்பாகும், முதல் ஓட்டத்திலேயே தெரிந்துவிடும், பயப்பட ஒன்றுமில்லை.

பெட்டியை எங்கே இணைக்கிறீர்கள் என்பது அதைவிட முக்கியம். சென்சார் ஒயர் மீட்டருக்கும் என்ஜின் கம்ப்யூட்டருக்கும் பிரியும் இடத்துக்கு முன்னாலேயே இணைத்தால் இரண்டுக்கும் திருத்தம் போகும். டேஷ்போர்டுக்குப் பின்னால் சுலபமாக எட்டுகிறதே என்று அங்கே இணைத்தால் முள் மட்டும் திருந்தும், க்ரூஸ் கன்ட்ரோலும் (வைத்த வேகத்தைத் தானாகப் பிடித்து ஓட்டும் வசதி) மற்றதும் பழைய கணக்கிலேயே இருக்கும்.

புதிய வண்டி. ஓபிடி போர்ட் வழியாக நானே மாற்றலாமா?

ஓபிடி போர்ட் என்பது வண்டியின் கம்ப்யூட்டரோடு வெளிக் கருவியை இணைக்கும் சாக்கெட். பல வண்டிகளில் முடியும். ஃபோர்டுக்கு ஃபோர்ஸ்கேன், ஜீப்புக்கு ஜேஸ்கேன், ராம் வகை வண்டிகளுக்கு ஆல்ஃபாஓபிடி என்று மென்பொருள்கள் இருக்கின்றன, ஒரு நல்ல ஓபிடி அடாப்டர் வேண்டும். பொதுவாக மில்லிமீட்டரில் சுற்றளவு கேட்கும், உருட்டி அளந்த எண்ணை அங்கே போடுங்கள். தொடுவதற்கு முன் இருக்கும் பழைய எண்ணைப் போட்டோ எடுத்து வையுங்கள். பேட்டரி பலவீனமாக இருக்கும் நாளில் இந்த வேலையே வேண்டாம், எழுதும்போது பாதியில் மின்சாரம் இறங்கினால் அந்த மாட்யூலே (எண்ணைப் பதியும் குட்டிக் கம்ப்யூட்டர்) கெட்டுவிடக்கூடும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, இக்னிஷனை அணைத்து, சற்றுப் பொறுத்து, ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

கம்பெனி சர்வீஸில் கேட்டால் சில சமயம் அந்த மாடலுக்குக் கொடுக்கப்பட்ட சைஸ்களின் பட்டியலை மட்டும் காட்டுவார்கள். உங்கள் டயர் அதில் இல்லாவிட்டாலும், சுற்றளவு நெருங்கிய ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம்.

டிஃபரன்ஷியலில் கிரவுன் பினியன் விகிதத்தையும் மாற்றினேன், இப்போது மீட்டர் எப்படி?

சென்சார் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கியர்பாக்ஸ் பின்னால் இருந்தால் டிஃபரன்ஷியல் விகிதமும் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, தண்டு எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற எண்) கணக்கில் வரும். 3.73-லிருந்து 4.10-க்குப் போனால் அதே வேகத்துக்குத் தண்டு 9.9 சதவீதம் கூடச் சுற்றும், மேலே சொன்ன 35 அங்குல டயர் 9.7 சதவீதம் குறைத்துச் சுற்ற வைக்கும். இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு மிச்சம் ஒரு சதவீதம்கூட இல்லை. பெரிய டயருக்கு விகிதத்தையும் சேர்த்து மாற்றியவர்கள் மீட்டரைத் தொடாமலே நிம்மதியாக இருப்பது இதனால்தான்.

வேகத்தை ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சக்கரச் சென்சாரிலிருந்து எடுக்கும் வண்டியில் கதை வேறு. அங்கே டிஃபரன்ஷியல் மீட்டரைத் தொடாது, டயர் மட்டும்தான். ஆனால் கியர்பாக்ஸ் தண்டின் சுற்றும் சக்கரத்தின் சுற்றும் எதிர்பார்த்த விகிதத்தில் வரவில்லையே என்று கம்ப்யூட்டர் சந்தேகப்பட்டு விளக்கு எரிய விடலாம், அதனால் புதிய விகிதத்தையும் பதிந்துவிட வேண்டும்.

ஏபிஎஸ், க்ரூஸ் கன்ட்ரோல் எல்லாம் கெட்டுப்போகுமா?

நான்கு சக்கரமும் ஒரே அளவில் மாறினால் ஏபிஎஸ்ஸுக்குப் பெரிய பிரச்சினை இல்லை, அது முக்கியமாகச் சக்கரங்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிடுகிறது. க்ரூஸ் கன்ட்ரோல் தப்பான எண்ணைத்தான் பிடித்து ஓட்டும், 100 வைத்தால் 103.5. டயர் காற்றழுத்தத்தைச் சக்கரச் சுற்றை வைத்து ஊகிக்கும் வண்டிகளில் டயர் மாற்றியதும் அந்தக் கணக்கை ரீசெட் செய்யுங்கள்.

பெரிய டயர் போட்டதும் மைலேஜ் சட்டென்று விழுந்துவிட்டது!

கொஞ்சம் நிஜமாகவே விழுந்திருக்கும், டயர் கனம், அகலம். ஆனால் ஒரு பங்கு வெறும் கணக்குப் பிழை. ஓடோமீட்டர் தூரத்தைக் குறைத்து எண்ணுவதால் லிட்டருக்கு 12 என்று வருவது நிஜத்தில் 12.4. திருத்திவிட்டு அப்புறம் கவலைப்படுங்கள்.

இதுவரை தப்பாக ஓடிய கிலோமீட்டரை ஓடோமீட்டரில் திருத்தலாமா?

கூடாது. இனிமேல் எண்ணுவது சரியாக இருக்கத் திருத்துவது வேறு, ஏற்கனவே பதிவான எண்ணில் கைவைப்பது வேறு. பின்னது பல நாடுகளில் குற்றம். எந்தக் கிலோமீட்டரில் டயர் மாற்றினீர்கள், எதில் திருத்தினீர்கள் என்று சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வையுங்கள், வண்டியை விற்கும்போது வாங்குபவரிடம் காட்டலாம்.

முள் ஆடுகிறது, டயர் காரணமா?

இல்லை. கேபிள் காய்ந்திருக்கும் அல்லது மடங்கியிருக்கும், மின்னணு வகையில் சென்சாரோ ஒயரோ தளர்ந்திருக்கும்.

டயர் தேயத் தேயத் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டுமா?

வேண்டாம், ஆனால் தேய்மானம் சின்ன விஷயமில்லை. 12 மி.மீ. பட்டன் 2 மி.மீ.க்கு வந்தால் விட்டத்தில் 20 மி.மீ. போச்சு, 830.8 மி.மீ. டயரில் அது 2.4 சதவீதம். புது டயரில் அளந்து பதிந்தால், தேயத் தேய மீட்டர் கொஞ்சம் அதிகமாகக் காட்டும் பக்கம்தான் நகரும், அது பாதுகாப்பான பக்கம். தேய்ந்த டயரில் அளந்து பதிந்துவிட்டுப் புது டயர் மாட்டினால் நேர் எதிர்.

லாரிக்கும் இதே முறைதானா?

டேகோகிராஃப் (வேகத்தையும் ஓட்டிய நேரத்தையும் பதிந்து வைக்கும் கருவி) உள்ள கனரக லாரியில் நீங்களாக எதையும் தொடாதீர்கள். கிலோமீட்டருக்கு எத்தனை துடிப்பு, டயர் சுற்றளவு எவ்வளவு என்ற எண்களை அங்கீகாரம் பெற்ற பட்டறைதான் பதிந்து, முத்திரை வைத்து, தகடு ஒட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் டயர் சுற்றளவு மாறினாலே மறுபடி அளவீடு செய்தாக வேண்டும், மாறாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதனை உண்டு. அங்கே லாரிகளின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 90 கி.மீ.யில் நிற்கும், டயர் மூன்று சதவீதம் பெரிதாகிக் கணக்கு மாறாமல் இருந்தால் லாரி கிட்டத்தட்ட 93-ல் ஓடும், டேகோகிராஃபிலோ 90 என்றே பதிவாகும். ஓட்டுநர் மேல் தப்பே இல்லாவிட்டாலும் சோதனையில் மாட்டுவது அவர்தான்.

நான்கு டயரும் மாற்றிவிட்டேன், ஸ்டெப்னி பழைய சைஸே இருக்கட்டுமா?

டூ வீல் டிரைவ் வண்டி என்றால் பஞ்சர் கடை வரைக்கும் மெதுவாகப் போய்ச் சேரலாம், அதற்கு மேல் ஓட்டாதீர்கள், ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் ஆச்சரியப்படவும் வேண்டாம். ஃபோர் வீல் டிரைவில் சைஸ் வேறான ஸ்டெப்னியைப் போட்டுக்கொண்டு ஃபோர் வீலில் கெட்டியான சாலையில் ஓட்டினால் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றி டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். அப்படி ஒரு வண்டி வைத்திருந்தால் ஐந்தாவது டயரையும் அதே சைஸில் வாங்கிவிடுங்கள், பெரிய டயர் ஸ்டெப்னி மாட்டும் இடத்தில் நுழைகிறதா என்று வாங்குவதற்கு முன்பே அளந்து பாருங்கள்.